கொட்டக் கொட்டக் குளவி: ‘தி ஆர்க் இன் ஸ்பேஸ்’ மறுபார்வை

[காட்சி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டுச் சுவர். மீட்டர் பெட்டிக்கு மேலே காய்ந்த மண் கூடு.]

குரல்: வாய்க்கால் ஓரத்து வீடுகள்ல இந்த மண் கூட்டைப் பார்க்காதவங்க இருக்க மாட்டீங்க. மீட்டர் பெட்டி மேல, ஜன்னல் சட்டத்துல, மாட்டி வச்ச போட்டோவுக்குப் பின்னாடி. குளவி கூடு கட்டுனா வீட்ல பிள்ளை பிறக்கும்னு சொல்லி, பெரியவங்க கலைக்கவும் விட மாட்டாங்க. இந்தக் குளவி என்ன செய்யுதுன்னு தெரிஞ்சவங்களுக்கு, பிபிசியோட ‘டாக்டர் ஹூ’ங்கிற அறிவியல் புனைகதைத் தொடர்ல 1975-ல வந்த ஒரு கதை ரொம்ப நல்லாவே புரியும்.

[காட்சி: தலைப்பு அட்டை]

‘தி ஆர்க் இன் ஸ்பேஸ்’. நாலு பாகம், ஒவ்வொண்ணும் சுமார் 25 நிமிஷம். ஜனவரி 25-லேர்ந்து பிப்ரவரி 15 வரை சனிக்கிழமைதோறும் வந்துது. சென்னை தூர்தர்ஷனே அந்த வருஷம் ஆகஸ்ட் 15-லதான் தொடங்குச்சு. அதனால நம்ம பக்கம் அப்ப யாரும் பார்த்திருக்க வழியில்ல. எழுதினது ராபர்ட் ஹோம்ஸ், இயக்கம் ராட்னி பென்னட். தொடரோட நாயகன் டாக்டரா நடிச்ச டாம் பேக்கருக்கு இது ரெண்டாவது கதை, தயாரிப்பாளரா பிலிப் ஹிஞ்ச்கிளிஃப்புக்கு முதல் கதை.

சூரியச் சுவாலையில பூமி கருகப் போகுதுன்னு, பொறுக்கி எடுத்த ஆளுங்களை நெர்வாங்கிற விண்நிலையத்துல உறைய வச்சுத் தூங்கப் போட்டிருக்காங்க. எழுப்ப வேண்டிய கருவி எழுப்பல. விர்ன்ங்கிற பூச்சியினத்து ராணி ஒண்ணு உள்ள புகுந்து இணைப்பை அறுத்துப் போட்டிருக்கு. காவல் கருவி அதை மின்சாரம் பாய்ச்சிக் கொன்னுருச்சு. ஆனா உயிர் போறதுக்குள்ள, தூங்கிக்கிட்டிருந்த டூன்ங்கிற தொழில்நுட்ப ஆளோட உடம்புல முட்டை வச்சுட்டுப் போயிருச்சு.

[காட்சி: மண் கூட்டின் ஒரு அறை உடைந்த நிலையில், மிக அருகில்.]

இப்ப கூட்டுக்குள்ள பாருங்க. இது ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம் வகை. 1781-ல ஃபாப்ரிசியஸ் வச்ச பேர்லயே நம்ம மதராஸ்பட்டினம் ஒட்டிக்கிட்டிருக்கு. விரல் கணு அளவு அறைக்குள்ள சின்னச் சின்ன சிலந்திங்க, திணிச்சு வச்சாப்ல. தொட்டுப் பாத்தா ஒண்ணு ரெண்டுக்குக் காலு லேசா அசையும். செத்துப் போகல. செத்த இரை அழுகிரும், உயிரோட துள்ளுற இரை முட்டையை நசுக்கிரும். அதனால குளவி கொட்டி நரம்பை மட்டும் முடக்கி வைக்குது. மேல ஒரு முட்டை, அப்புறம் மண்ணை வச்சு அடைப்பு. புழு வெளிய வந்து சிலந்தியை ஒண்ணொண்ணா தின்னு, அதே அறையில கூட்டுப்புழுவாகி, ஓட்டை போட்டு வெளிய பறந்துரும்.

ஹோம்ஸ் இதுல ஒரே ஒரு வேலையைக் குறைச்சிருக்கார். விர்ன் ராணிக்குக் கொட்ட வேண்டிய அவசியமே இல்ல. மனுஷன் தானே தன்னை முடக்கி, கெட்டுப் போகாம, பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருக்கான். உறக்க அறையை அதுக்குத் தக்கபடி ரோஜர் மர்ரே-லீச் வடிவமைச்சிருக்கார்: வளைஞ்ச சுவர், அடுக்கடுக்கா கண்ணறைகள், ஒவ்வொண்ணுலயும் அசையாத ஓர் ஆள். முதல் பாகத்துல கதவு திறந்து அந்த அறை தெரியுற இடத்துல வீடியோவை நிறுத்திட்டு நம்ம கூட்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஆனா இது பாதிக் கதைதான். ‘குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’னு நம்ம ஆளுங்க சொல்றாங்கல்ல? பூச்சியியல்படி அது நடக்காது. இரையாப் போன புழு இருந்த அறையிலேர்ந்து குளவி வருதே தவிர, அந்த இரைப் புழுவே குளவியா மாறல; முட்டையிலேர்ந்து வந்த குளவியோட புழுதான் குளவியாகுது. விர்ன் கதையில ரெண்டுமே நடக்குது. டூனை லார்வா தின்னுருது, அவனோட தொழில் அறிவும் அதுக்குப் போயிருது. தலைவன் நோவா, லார்வா பட்டதால தானே மெல்ல மெல்ல விர்னா மாறுறான். எது பயங்கரம்னா ரெண்டாவதுதான். தின்னப்பட்டவன் போயிட்டான்; நோவா தான் மாறுறதைத் தானே பாத்துக்கிட்டு நிக்கான்.

[காட்சி: பச்சை வண்ணம் அடித்த குமிழ் பிளாஸ்டிக் உறை, கையில் சுற்றி.]

ரெண்டாம் பாகத்தோட கடைசியில நோவா சட்டைப்பைக்குள்ளேர்ந்து கையை வெளிய எடுப்பான். அந்தப் பச்சைக் கை வேற ஒண்ணுமில்ல, பாத்திரம் பார்சல் கட்டுற குமிழ் உறைக்குப் பச்சை வண்ணம். லார்வாவும் அதேதான், உள்ள ஒரு ஆள் ஊர்ந்து போறார். இன்னைக்கு எந்தப் பிள்ளையும் ‘இது பபிள் ராப்’னு சொல்லிரும். 1975-ல பல வீடுகளுக்கு அது பழகாத பொருள். சிரிப்பு வந்தா வரட்டும். அப்புறம் நோவாவா நடிச்ச கென்டன் மூர் முகத்தைப் பாருங்க. கையை அந்நியப் பொருள் மாதிரி உடம்பை விட்டுத் தள்ளிப் பிடிச்சிருப்பார். மிச்ச வேலையை அதுதான் செய்யுது. மூணாம் பாகத்துல, தன்னைக் கொன்னுருன்னு நோவா, நிலையத்து மருத்துவப் பொறுப்பாளர் வீராகிட்ட கெஞ்சுற காட்சியை எடுத்தாங்க. ரொம்பக் கொடூரம்னு ஹிஞ்ச்கிளிஃப் வெட்டிட்டார்.

வளர்ந்த விர்ன் வேஷம் சரியில்ல, ஒளிச்சுப் பிரயோஜனமில்ல. உள்ள இருக்கிற நடிகர் தத்தித் தத்தித்தான் நகர முடியும், முன்கால் வேலையே செய்யாது. நாலாம் பாகத்துல பயம் குறையுறதுக்கு அதுதான் காரணம். மூணாம் பாகம் அதுக்கு நேர் எதிர்: செத்த ராணியோட நரம்புத் திசுவை டாக்டர் தன் மூளையோட இணைச்சு, அது கடைசியாப் பார்த்ததைத் தானும் பார்ப்பார். அங்க வேஷம் வேண்டாம், டாம் பேக்கர் போதும்.

அறிவியல்ல ரெண்டு இடம் இடிக்குது. ஒண்ணு, மண் கூட்டுக் குளவி தனிக்கட்டை. ராணியும் கிடையாது படையும் கிடையாது. ராணி, கூட்டம் எல்லாம் தென்னையில கூடு கட்டுற கடந்தைக் குளவியோட குணம். ஹோம்ஸ் ரெண்டையும் ஒண்ணாக் குழைச்சுட்டார். இன்னொண்ணு, கரியமில வாயுவைத் திரும்ப ஆக்சிஜனாக்குற நுரையீரல் விர்னுக்கு இருக்காம். பூச்சிக்கு நுரையீரலே கிடையாது. உடம்புப் பக்கவாட்டுத் துளை வழியா, நுண்குழாய்ல காத்து நேரா திசுவுக்குப் போகும். உடம்பு பெருசானா அந்தக் குழாய் வழியா காத்து பத்தாது. ஆள் உயரப் பூச்சி இல்லாததுக்கு அது ஒரு முக்கியக் காரணம். இதை ஹோம்ஸ் தெரிஞ்சே சேர்த்தாரா, தெரியாம விட்டாரா, எப்படியிருந்தாலும் நுரையீரல் வைக்காம அந்த அளவுப் பூச்சியை அவரால விண்வெளிக்கு அனுப்பியிருக்க முடியாது.

[காட்சி: டிவி ரிமோட், படஅளவு பட்டன்.]

பார்க்குறதுக்கு முன்னாடி டிவியில படஅளவை 4:3-ல வைங்க. 16:9-க்கு இழுத்து விட்டா கண்ணறை எல்லாம் குட்டையாகி, வளைவான சுவரோட உயரம் போயிரும். பழைய வீடியோவுக்கு வினாடிக்கு 50 புலம் (ஃபீல்டு, அதாவது அரைப் படம்). அதைத் தப்பா 25 சட்டமா (ஃபிரேம், அதாவது முழுப் படம்) மாத்தின பிரதி கிடைச்சா அசைவு விட்டு விட்டு ஓடும், கோடு கோடாவும் தெரியும். 2002 டிவிடியில விண்நிலையத்தோட சின்ன மாதிரியை வச்சு எடுத்த காட்சிகளுக்குப் பதிலாப் புதுக் கணினி வரைகலையைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் தடவைக்கு அது வேண்டாம். பச்சைக் குமிழ் உறைக்குப் பக்கத்துல வழவழப்பான கணினிக் கப்பல் ஒட்டாது.

நாலையும் ஒரே மூச்சுல பார்க்காதீங்க. முதல் பாகம் ஒரு ராத்திரி, தனியா. அதுல டாக்டர், அவரோட பயணம் போற சாரா, ஹாரி மூணு பேரைத் தவிர நடமாடுற ஆளே கிட்டத்தட்ட கிடையாது, அந்த வெறுமை நிதானமாப் பார்த்தாத்தான் ஏறும். மீதி மூணையும் சேர்த்துப் பார்க்கலாம். முடிஞ்சதும் அடுத்த கதை ‘தி சோன்டாரன் எக்ஸ்பெரிமென்ட்’, ரெண்டே பாகம், இதோட முடிவுலேர்ந்தே நேராத் தொடங்குது. ஸ்டுடியோவே இல்லாம முழுக்க டார்ட்மூர் வெட்டவெளியில எடுத்தது. நெர்வா அரங்கை மறுபடி பார்க்கணும்னா அதே வருஷம் வந்த ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சைபர்மென்’ல இருக்கு. செலவைக் குறைக்க அதையே திரும்பப் பயன்படுத்தினாங்க.