காற்று எந்தப் பக்கம்?

நேயர்களே, வணக்கம். புல்வெளிக்கு மேலே ஒரு சின்னப் பறவை எங்கும் போகாமல், ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பருந்துக் குஞ்சு என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். அது சிவப்பு வல்லூறு. புறா அளவுதான் இருக்கும். ஆணுக்குத் தலையும் வாலும் சாம்பல் நிறம். பெண்ணுக்கு வால் நெடுக வரிவரியாக இருக்கும்.

அது அந்தரத்தில் நிற்கிறதே, அதைப் பற்றி எத்தனை நேரமும் பேசுவேன். சிறகு அடிக்கிறது, வால் விரிகிறது, உடம்பு ஆடுகிறது. தலை மட்டும் அசையாது. அசைந்தாலும் சில மில்லிமீட்டர்தான். புல்லுக்குள் ஓடும் எலியையும் வெட்டுக்கிளியையும் பிடிக்க, பார்வை நிலையாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்குக் காற்று துணை. எதிர்க்காற்றின் வேகத்துக்குச் சமமாகப் பறந்தால், தரையைப் பொறுத்தவரை நின்ற இடத்திலேயே நிற்கலாம். காற்றில்லாத நாளில் இது பெரும்பாடு; கம்பத்திலோ கிளையிலோ உட்கார்ந்தபடிதான் பெரும்பாலும் இரை தேடும்.

அதனால் படமெடுக்க வருகிறவர்களிடம் நான் கேமராவைப் பற்றிக் கேட்பதில்லை. காற்று எந்தப் பக்கம் என்றுதான் கேட்பேன். வல்லூறு காற்றைப் பார்த்து நிற்கும். காற்று உங்கள் முதுகில் பட்டால் அதன் முகம் கிடைக்கும். உங்கள் முகத்தில் பட்டால் வால்தான் கிடைக்கும்.

ஒருமுறை புல் அறுத்த வெளியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலேயே இடுப்பளவு புல் இருந்தது, அங்கே வல்லூறு போகவே இல்லை. உயரமான புல்லில் இரை இருக்கும், ஆனால் தெரியாது. அறுத்த இடத்தில் ஒளிய வழியில்லை. காற்றும் காலை வெயிலும் என் முதுகில். உயரத்தில் நின்றது, கொஞ்சம் இறங்கி மறுபடி நின்றது, இன்னும் இறங்கியது. அப்புறம் சிறகை மடக்கி ஒரே பாய்ச்சல்! வெட்டுக்கிளியோடு எழுந்தது என்னை நோக்கி. அந்த இடைநிறுத்தங்கள்தான் ஃபோகஸ் செய்யக் கிடைக்கும் நேரம். பாய்ந்த பிறகு தேடினால் கிடைக்காது. மறுபடியும் சொல்கிறேன், காற்று முதுகில் இருக்கட்டும்.

ஷட்டர் வேகம் வினாடியில் 2000-ல் ஒரு பங்கு வையுங்கள். வெளிறிய வானத்தில் பறவை கறுத்துவிடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) கூட்டுங்கள். உச்சி வெயிலில் தரைச்சூடு படத்தைக் கலங்கடிக்கும்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். கூடு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சரி, சுருக்கமாக: காக்கை விட்டுப்போன கூட்டிலோ பாறைப் பொந்திலோ முட்டையிடும், ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். அப்போது கிட்டே போகாதீர்கள், தாய் எழுந்தால் முட்டை ஆறிவிடும். வேட்டையாடும் வெளியிலேயே படம் எடுங்கள். கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம். நன்றி, வணக்கம்.