பொற்கொல்லர் பட்டறையில் பிறந்த படக்கலை

அவையோர்க்கு வணக்கம். செப்புத் தகட்டில் பொறிப்பது என்றதும் நமக்குச் செப்பேடு நினைவுக்கு வரும். ஆனால் செப்பேடு தகட்டிலேயே படிப்பதற்காக வெட்டப்பட்டது. மை தடவித் தாளில் ஒற்றியெடுக்கும் எண்ணம் அதில் இல்லை. நான் பேச வந்தது, ஒற்றுவதற்கென்றே செப்பைக் கீறிய கலையைப் பற்றி. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில், ரைன் ஆற்றை ஒட்டிய ஜெர்மன் நிலப்பகுதிகளில் அது உருவெடுத்தது.

அதற்கு ஓவியரைவிடப் பொற்கொல்லரே மூலவர் என்பேன். வெள்ளிக் கிண்ணத்தில் பூவும் கொடியும் வெட்டிய அதே எஃகு உளிதான் தகட்டுக்கும் வந்தது. அதன் குமிழ்ப்பிடியை உள்ளங்கையில் பொருத்தி முன்னோக்கித் தள்ளுவார்கள். வளைகோடு வேண்டுமானால் கையை வளைப்பதில்லை, தோல் மெத்தைமேல் இருக்கும் தகட்டையே சுழற்றுவார்கள். கோட்டோரத்துப் பிசிறை வழித்துவிட்டு, மை பூசி, மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தும்போது தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை ஏந்திக்கொள்ளும். மரக்கட்டை அச்சில் மேடு பதியும். இதில் பள்ளம் பதிகிறது.

ஃபிளாரன்ஸ் நகரப் பொற்கொல்லர் மாசோ ஃபினிகுவேரா 1460 வாக்கில் இதைக் கண்டறிந்தார் என்று, இத்தாலியக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த வசாரி எழுதிவைத்தார். சொந்த நாட்டுப் பற்று என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் 1446 என்று ஆண்டு குறித்த ஜெர்மானிய அச்சுப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதற்கும் முன்பே, பெயர் தெரியாத ஒருவர் பூ, பறவை, மான், காட்டுமனிதர் ஆகியவற்றை இனங்களாகக் கொண்ட சீட்டுக்கட்டைச் செப்பில் பொறித்திருந்தார். அவரை 'சீட்டுக்கட்டு ஆசான்' என்றே வரலாறு அழைக்கிறது. அடுத்து வந்தவரை அவர் இட்ட 'ஈ.எஸ்.' என்ற எழுத்துகளால் மட்டுமே அறிகிறோம்.

கோல்மார் நகரின் மார்ட்டின் ஷோங்காவர் பொற்கொல்லர் மகன், ஓவியருமானவர். நெருங்கிய கோடுகளாலும் குறுக்குக் கோடுகளாலும் நிழலையும் துணி மடிப்பையும் காட்டி, தம் தகடுகளில் பெயரெழுத்துகளைப் பொறித்தார். நியூரம்பர்க் பொற்கொல்லர் மகனான இளம் ஆல்பிரெக்ட் டியூரர் அவரைக் காண 1492-இல் கோல்மாருக்கு வந்தபோது, ஆசான் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்த டியூரர் 1514-இல் பொறித்த துறவி ஜெரோம் படத்தில், வட்டக் கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயில் பக்கத்துச் சுவரில் வளையம் வளையமாக விழுகிறது. உளி தொடாமல் விட்ட இடங்களில் தெரியும் வெறுந்தாளே அந்த வெயில்.