டம்ளர் உடைந்ததும் குழந்தை எங்கே பார்க்கிறது?

அனைவருக்கும் வணக்கம். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் ஒரு கண்ணாடி டம்ளரில் தொடங்குகிறேன்.

மூன்று வயதுக் குழந்தையின் கை தவறி டம்ளர் விழுந்து உடைகிறது. அந்த நொடியில் அது எதைப் பார்க்கும்? சில்லுகளையா? உங்கள் முகத்தை! நடந்தது பெரிய விஷயமா, சின்ன விஷயமா என்று அதற்குத் தெரியாது. உங்கள் முகத்தில் எழுதியிருப்பதைத்தான் படிக்கும்.

1985இல் அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கெட்டியான கண்ணாடி போட்ட மேடை. பாதித் தூரத்தில் கீழே பள்ளம் இருப்பதுபோல் தெரியும். ஒரு வயதுக் குழந்தைகள் தவழ்ந்து வந்து அந்த இடத்தில் தயங்கி நிற்கும். எதிர்ப்பக்கம் அம்மா. வாயைத் திறக்கக் கூடாது, முகபாவம் மட்டும்தான். அம்மா சிரித்தபோது 19 குழந்தைகளில் 14 கடந்து வந்தன. பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. அதே மேடை, அதே பள்ளம்.

சரி, அப்படியானால் எல்லாப் பழியும் பெற்றோர் தலையிலா? அதுவும் நியாயமில்லை. மனநல மருத்துவர்களான அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதி 1956இல் நியூயார்க்கில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். கைக்குழந்தைப் பருவத்திலேயே சுபாவம் ஆளுக்கு ஆள் மாறுவதைக் கண்டார்கள். புது ஆளைக் கண்டால் ஒன்று சிரிக்கும். இன்னொன்று தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அந்தச் சுபாவத்துக்கு நம் வளர்ப்பு ஒத்துப்போகிறதா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. கூச்சப்படும் பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தி, "எல்லாருக்கும் ஒரு பாட்டுப் பாடு" என்று நச்சரித்தால் கூச்சம் போகாது. பாட்டுதான் பிடிக்காமல் போகும்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மகள் எதையாவது கொட்டினால், "கண்ணு எங்கே இருக்கு?" என்று கத்துவேன். எரிச்சலில் வருவதுதான், அவளுக்கு உறைக்கவே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் மேசையில் நானே தண்ணீரைக் கொட்டிவிட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏம்பா, கண்ணு எங்கே இருக்கு?" என்றாள். வார்த்தை மட்டுமில்லை, அந்தத் தோரணையும் என்னுடையது. எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது. சின்ன வயதில் என் அப்பா என்னைக் கேட்ட கேள்வி அது.

அப்புறம் நானும் அவளும் சேர்ந்து மேசையைத் துடைத்தோம்.