விக்கிரகம் வெளியே இல்லை

(வேப்பேரியில் ஒரு சபையின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் அன்பானவர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

விக்கிரகம் என்றதும் நம்மில் பலருக்கு அடுத்த தெருக் கோயில்தான் ஞாபகத்துக்கு வரும். நாம் சிலை வைத்துக் கும்பிடுவதில்லை, அதனால் அந்தக் கட்டளையில் நமக்கு நூற்றுக்கு நூறு என்று ஒரு நிம்மதி. "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்று சீனாய் மலையில் கர்த்தர் யாரிடம் சொன்னார்? எகிப்திலிருந்து மீட்டுக் கொண்டுவந்த தம்முடைய சொந்த ஜனத்திடம். "பிள்ளைகளே, நீங்கள் விக்கிரகங்களுக்கு விலகி, உங்களைக் காத்துக்கொள்வீர்களாக" என்று யோவான் தன் முதல் நிருபத்தை முடிப்பதும் சபையைப் பார்த்துத்தான். பக்கத்து வீட்டுக்காரர் எதைக் கும்பிடுகிறார் என்பது இன்றைக்கு நம் பேச்சே இல்லை.

எண்ணாகமம் 21-ம் அதிகாரத்தில் கர்த்தரே சொல்லித்தான் மோசே வெண்கலச் சர்ப்பத்தைச் செய்கிறார், பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைக்கிறார்கள். நல்ல காரியம், கர்த்தர் கொடுத்த காரியம். பல நூற்றாண்டு கழித்து 2 இராஜாக்கள் 18-ல் வந்து பார்த்தால், ஜனங்கள் அதே சர்ப்பத்துக்குத் தூபங்காட்டிக்கொண்டிருக்கிறார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போடுகிறார். மோசே கையால் செய்தது, பழைய நினைவு, ஓர் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் விட்டுவைக்கவில்லை.

நம் வீட்டு விக்கிரகங்களில் பாதி இப்படி வந்தவைதான். பிள்ளை கர்த்தர் கொடுத்தது, ஆனால் அந்தப் பிள்ளைக்கு நீட் தேர்வில் மார்க் குறைந்தால் ஜெபம் நின்றுபோகிறது, ஆராதனைக்கு வர முகமில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறோம், அந்தப் பிள்ளையிடம் பேசுவதுகூட இல்லை. வேலை, சொந்த வீடு, வெளிநாட்டு விசா எல்லாம் இதே கதைதான். பொருளாசையைப் பவுல் நேராகவே விக்கிரகாராதனை என்று கொலோசெயர் 3:5-ல் சொல்லிவிட்டார், அதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை. ஊழியக்காரரும் கர்த்தர் கொடுத்தவர்தான். அவர் சொன்னதை வேதத்தோடு ஒத்துப்பார்க்கக்கூட நமக்குப் பயம் வந்துவிட்டதென்றால், அவரை எங்கே உட்கார வைத்திருக்கிறோம்?

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆசீர்வாத வசனம் வந்தால் சந்தோஷம், பாடுகளைப் பற்றி வந்துவிட்டால் மெதுவாக உள்ளே வைத்துவிட்டு இன்னொன்று எடுக்கிற கைகளும் உண்டு. நமக்குப் பிடித்ததை மட்டும் பேசுகிற ஒரு தேவனை நாமே செய்துகொள்கிறோம். ஜனங்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டியைச் செய்துவிட்டு, மோசேயின் அண்ணன் ஆரோன் என்ன அறிவித்தான் என்று பாருங்கள். "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை." பெயர் கர்த்தருடையது, முன்னால் நிற்பது கன்றுக்குட்டி.

இதையெல்லாம்விடப் பெரிய ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது கர்த்தர் கொடுத்ததும் இல்லை. சாதி. மணமகள் தேவை விளம்பரம் ஒன்றை எடுத்துப் படியுங்கள். முதல் வரியில் இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற பெண் வேண்டும் என்று இருக்கும், கடைசி வரியில் சாதிப் பெயர் இருக்கும். முதல் வரியில் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தால் பரவாயில்லை என்று விட்டுக்கொடுப்போம், கடைசி வரியில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். எதை விட்டுக்கொடுக்க மாட்டோமோ, எதற்காகப் பெற்ற மகளையே ஒதுக்கிவைக்கத் துணிகிறோமோ, அதற்குத்தானே நாம் தூபங்காட்டுகிறோம்?

இது இன்று நேற்று வந்ததில்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழியவேண்டும் என்று கடிதம் எழுதினார். தனித்தனியாக உட்கார்ந்து, தனித்தனியாக நற்கருணை எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கடிதத்தை ஏற்க மனமில்லாமல் தஞ்சாவூரிலும், நாம் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்த வேப்பேரியிலும் சபையை விட்டே போனவர்கள் இருந்தார்கள். ஒரே அப்பம், ஒரே பாத்திரம் என்பதைவிட அவர்களுக்குச் சாதி பெரிதாக இருந்தது. இன்றைக்கு ஒரே பெஞ்சில் உட்காருகிறோம், உண்மைதான். சம்பந்தம் பேசும்போது?

சரி, எப்படி விடுவது? எனக்குக் கிதியோனைப் பிடிக்கும். தன் அப்பா யோவாஸ் வைத்திருந்த, பாகால் என்கிற அந்நிய தேவனின் பலிபீடத்தை இடிக்கக் கர்த்தர் சொன்னபோது, வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து ராத்திரியில் போய் இடித்தார். பயத்தோடுதான் செய்தார், ஆனாலும் செய்தார், கர்த்தர் அதைக் குறையாக எண்ணவில்லை. ஆரம்பித்ததும் தன் சொந்த வீட்டில். அதே கிதியோன்தான் பிற்பாடு கொள்ளையில் வந்த 1,700 சேக்கல் பொன்னில் ஓர் ஏபோத்தை, அதாவது ஆசாரியர் அணிகிற மேலாடையைப் போன்ற ஒன்றை, செய்து ஊரில் வைக்க, அது அவருக்கும் அவர் வீட்டாருக்கும் கண்ணியானது. அதனால் ஒருமுறை ஞானஸ்நானத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று யாரும் உட்கார்ந்துவிட முடியாது. எதைக் கேட்டால் நமக்கு உடனே கோபம் வருகிறது, எதை மட்டும் ஜெபத்தில் கர்த்தரிடம் ஒப்புக்கொடுக்காமல் தாண்டிப்போகிறோம் என்று அவ்வப்போது உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

வரன் பார்க்கிற வீடுகள் இந்தக் கூட்டத்தில் இருக்கும். அந்தக் கடைசி வரியை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். சொந்தக்காரர்கள் கேட்பார்கள், சண்டைக்கும் வருவார்கள். பலிபீடம் இடிந்த அன்று காலையில் ஊரே திரண்டு வந்து, உன் மகனை வெளியே கொண்டுவா, அவன் சாகவேண்டும் என்று வாசலில் நின்றது. இடிபட்டது யோவாசின் பலிபீடம்தான், ஆனாலும் அவர் மகனைப் பிடித்துக் கொடுக்கவில்லை. பாகால் தேவனானால் அவனே வழக்காடிக்கொள்ளட்டும் என்று ஊராரிடம் சொல்லிவிட்டார். அம்மா அப்பாமார்களே, உங்கள் பிள்ளைகள் அப்படிப்பட்ட ஒரு முடிவோடு உங்கள் முன்னால் வந்து நிற்கும்போது, யோவாசைப் போல அவர்கள் பக்கம் நில்லுங்கள்.