ஏரியைச் சுற்றிக்கொண்டு போன ரயில்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நீராவி ரயிலைப் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டபோது ஊட்டி ரயிலைச் சொல்லப்போகிறேன் என்றுதான் இங்கே நினைத்திருப்பார்கள். அதைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் வேல்ஸ் நாட்டில் ஓடும் ஃபெஸ்டினியாக் ரயில்வேயைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். நடுவில் அறுபட்டுப்போன ஒரு பாதையை, பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆட்களே தோண்டி மறுபடி சேர்த்த ரயில் அது. எனக்கு இதைவிடப் பிடித்த ரயில் கதை வேறில்லை.

வேல்ஸின் வடமேற்கு மூலையில், மலைமேல் பிளைனை ஃபெஸ்டினியாக் என்ற ஊர். சுற்றிலும் ஸ்லேட் கல் குவாரிகள். அந்தக் கல்லைக் கீழே போர்த்மாடாக் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1836-இல் போட்ட பாதை இது. நீளம் சுமார் 13½ மைல். நம் ஊட்டிப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் அகலம் இருக்கும், இங்கே அறுபது சென்டிமீட்டர்கூட முழுசாக இல்லை. ஆரம்பத்தில் இன்ஜின் கிடையாது. கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே கடற்கரை வரை உருண்டு இறங்கும், பிரேக் பிடிக்க மட்டும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துப் போகும், அந்தக் குதிரைகள் இறங்கும்போது அவற்றுக்கென்று ஒரு தனி வண்டியில் நின்றபடி வரும். 1863-இல் நீராவி இன்ஜின் வந்தது. அப்புறம் லாரிகள் வந்தன, ஸ்லேட் வியாபாரம் படுத்தது, 1946-இல் எல்லாம் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்க்காமல் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முள்ளும் செடியும் மூடிக்கொண்டன.

1951-இல் ரயில் மேல் ஆசை உள்ள சிலர் பிரிஸ்டலில் கூடி இதைக் காப்பாற்றலாமா என்று பேசத் தொடங்கினார்கள். கம்பெனிக்கு இருந்த கடன் பெரிய தடையாக நின்றது. 1954-இல் ஆலன் பெக்லர் என்ற வசதியான மனிதர் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். பிறகு அதைத் தன் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். இது பெரிய காரியம். நாளைக்கு யாரோ ஒருவர் லாபம் எடுப்பதற்காக நாம் மண் சுமக்கவில்லை என்ற நம்பிக்கை இருந்தால்தானே ஊர் விட்டு ஊர் வந்து ஒருவர் மண்வெட்டியைத் தொடுவார்? 1955-இல் போர்த்மாடாக்கிலிருந்து ஒரு மைல் போல ரயில் ஓடியது. வருஷத்துக்குக் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அதே நேரத்தில் மின்வாரியம் மலைமேல் ஒரு நீரேற்று மின்நிலையம் கட்டத் தொடங்கியிருந்தது. வால்பாறைப் பக்கம் நம் கடம்பாறையில் இருக்கிறதே, அந்த வகை. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் ஏரித் தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றி, தேவைப்படும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். அந்தக் கீழ் ஏரிக்குள் ரயில் பாதையின் ஒரு துண்டு, பழைய மொய்ல்வின் சுரங்கப்பாதையின் வடக்கு வாசலோடு சேர்ந்து, முழுகிவிட்டது. மின்நிலையம் 1963-இல் திறக்கப்பட்டது. நஷ்டஈட்டுக்கான வழக்கு 1954-இல் தொடங்கி 1972 வரை, பதினெட்டு வருஷம் இழுத்தது.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஏரிக்குக் கீழ்ப்பக்கமே பாதை போதுமான அழகு. காடு, பள்ளத்தாக்கு, கடல் என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் குறை ஒன்றுமில்லை. பாதி தூரம் போய்த் திரும்பி வரும் ரயிலாக வைத்துக்கொண்டு டிக்கெட் விற்றிருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அதற்கு ஒப்பவில்லை. பிளைனை போய்ச் சேராவிட்டால் இது ரயிலே இல்லை என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் நினைத்தது சரி என்றுதான் நானும் சொல்வேன். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகாத ரயில் வேடிக்கைப் பொருள் ஆகிவிடும்.

1965 ஜனவரி 2-ஆம் தேதி, வேல்ஸ் மலைக் குளிரில், ஏரியைச் சுற்றிப் போகும் புதுப்பாதைக்கு முதல் மண்ணை வெட்டினார்கள். நஷ்டஈடு கைக்கு வர இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது, கவனியுங்கள். ஒரு பக்கம் கோர்ட்டு, ஒரு பக்கம் மண்வெட்டி. ஏரியின் நீர்மட்டத்துக்கு மேலே புதுப்பாதை போக வேண்டுமானால் துஆல்ட் என்ற இடத்தில் 35 அடி கூடுதலாக ஏற வேண்டும், அதற்கு இடமோ இல்லை, ரொம்பச் செங்குத்தாகப் போட்டால் இன்ஜின் ஏறாது. அதனால் பாதையை ஒரு முழு வட்டமாகச் சுற்றவிட்டு, கீழே வந்த பாதையையே பாலம் போட்டுத் தாண்டி மேலே போகும்படி செய்தார்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்புமே தவிர தன் பாதையைத் தானே தாண்டாது. இது தாண்டுகிறது.

துஆல்ட்டுக்கு வண்டி போகும் சாலை கிடையாது. அங்கே ஒரு பழைய பெரிய வீட்டில் கர்னல் கேம்பெல் என்பவர் இருந்தார். சொந்தமாக ஒரு சின்ன இன்ஜின் வைத்துக்கொண்டு ரயில் பாதையிலேயே வீட்டுக்குப் போய்வந்த மனிதர். வெடிமருந்து கையாள அவரிடம் உரிமம் இருந்தது, பாறை உடைக்கும் வேலையில் கூட நின்றார். மற்றபடி வந்தவர்கள் விடுமுறையில் வந்தவர்கள். பாறையை உடைப்பது, அள்ளுவது, சின்ன வண்டியில் தள்ளிக்கொண்டுபோய்க் கொட்டிக் கரை எழுப்புவது. மழையில். வாரம் முழுக்க ஒரு வேலை, சனி ஞாயிறு இந்த வேலை. இதில் ரயில் ஓடப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தே செய்தார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

முழுகிய சுரங்கப்பாதைக்குப் பதிலாகக் குடைந்த புதுச் சுரங்கப்பாதை மட்டும் கூலி ஆட்கள் வேலை. கார்ன்வால் தகரச் சுரங்கங்களில் பழகிய மூன்று பேர் ஒரு சின்னக் குழுவை வைத்துக்கொண்டு 1975-லிருந்து 1977-க்குள் பாறையைக் குடைந்து சுமார் 280 மீட்டர் சுரங்கப்பாதையை முடித்தார்கள். பிறகு மின்நிலையத்தின் முதுகுப்புறமாக ஏறி இறங்கி, 1978-இல் டானகிரிஷை ஊரில் பழைய பாதையோடு சேர்ந்தது. மொத்தம் இரண்டரை மைல் புதுப்பாதை. ஒரு இழப்பும் உண்டு. முன்பு பாதை முழுக்கக் கீழ்நோக்கிய சரிவுதான், இப்போது நடுவில் ஒரு மேடு வந்துவிட்டதால், பிளைனையிலிருந்து கல்வண்டி தானாக உருண்டு கடல் வரை வர முடியாது.

1982 மே 25-ஆம் தேதி பிளைனை ஃபெஸ்டினியாக்குக்குப் பயணிகள் ரயில் மறுபடி போய்ச் சேர்ந்தது. அங்கே பெரிய ரயில் பாதையோடு சேர்ந்த புது நிலையம் தயாராக இருந்தது. ஒரு ரயிலிலிருந்து இறங்கி அடுத்த ரயிலில் ஏறி லாண்டட்னோ வரை போகலாம்.

அத்தோடு விட்டார்களா? போர்த்மாடாக்கிலிருந்து மறுதிசையில் கார்னார்ஃபன் போகும் வெல்ஷ் ஹைலேண்ட் பாதை 1930-களிலேயே செத்துப்போனது. தண்டவாளம்கூட மிஞ்சவில்லை. 1997-இல் அதையும் எடுத்து, 25 மைல் போட்டு, 2011-இல் போர்த்மாடாக் தெருவின் நடுவே கொண்டுவந்து இதோடு சேர்த்தார்கள். இப்போது இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 40 மைல்.

இங்கிலாந்தில் சொந்தக்காரர்கள் இருக்கும் நேயர்கள் போனால், பாதியில் திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள். பிளைனை வரை எடுங்கள். துஆல்ட் வந்ததும் ஜன்னல் பக்கம் போய்விடுங்கள். அந்த ரயிலில் இன்றும் தன்னார்வலர்கள் நிறைய வேலை பார்க்கிறார்கள், புதுப்பாதையைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். நன்றி, வணக்கம்.