சாவியைத்தான் கொடுத்தார்கள், பத்திரத்தை இல்லை

நடுவர் அவர்களே, காலனியம் முடிந்துபோன கதை, அதை இன்னும் ஏன் கிளறுகிறீர்கள் என்று எதிரணித் தலைவர் கேட்டார். வெள்ளைக்காரர் கப்பலேறிப் போன ஊரில் உட்கார்ந்து கேட்டால் நியாயமான கேள்விதான். அவர் கப்பலே ஏறாத ஊர்களும் இருக்கின்றன, ஐயா. நியூசிலாந்தைப் பாருங்கள்.

1840 பிப்ரவரி 6, வைதாங்கி. பிரிட்டிஷ் அரசும், அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் தலைவர்களும் ஒப்பந்தம் போடுகிறார்கள். ஆங்கிலப் பிரதியில் இறையாண்மையையே கொடுத்துவிட்டதாக இருக்கிறது. ஒரு பாதிரியார் ராத்திரியோடு ராத்திரியாக மொழிபெயர்த்த மாவோரிப் பிரதியில் இருப்பதோ 'காவனதங்கா', அதாவது கவர்னர் என்ற சொல்லை வைத்தே உண்டாக்கிய ஒரு சொல், நிர்வாகம் பார்க்கிற அதிகாரம், அவ்வளவுதான். உங்கள் நிலத்துக்கும் ஊருக்கும் நீங்களே தலைவர்கள் என்று அடுத்த பிரிவே உறுதி கொடுக்கிறது. 500க்கும் மேற்பட்ட தலைவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கையெழுத்துப் போட்டது இந்தப் பிரதியில்தான். வீட்டைப் பார்த்துக்கொள் என்று சாவியைக் கொடுத்தால், பத்திரத்தையே தன் பேருக்கு எழுதிக்கொண்ட கதை!

அதே நாட்டின் ஆக்லாந்து நகரில் ஓராக்கே என்று ஒரு மாவோரி இடம். 1869இல் 700 ஏக்கர், யாரும் விற்கவே முடியாது என்று கோர்ட்டே சொன்ன நிலம். துண்டு துண்டாகப் போய், 1950களின் தொடக்கத்தில் கடற்கரையோரம் மிச்சமிருந்த குடியிருப்பிலிருந்தும் மக்களை வெளியேற்றி வீடுகளைக் கொளுத்தினார்கள். மிஞ்சியது கால் ஏக்கர் இடுகாடு. செத்தவர்களுக்கு மட்டும் இடம் விட்டார்கள், பெரிய மனசு. அப்புறம் மேலே குன்றில் இருந்த நிலத்தைப் பணக்காரர்கள் வீடு கட்ட விற்கலாம் என்று அரசு கிளம்பியபோது, 1977 ஜனவரியில் அந்த மக்கள் போய் உட்கார்ந்தார்கள். 506 நாள். 1978 மே 25 அன்று போலீஸ் வந்து 222 பேரைக் கைது செய்தது.

பத்து வருஷத்தில் அரசே அந்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததே என்பீர்கள். கொடுத்தது, சரி. ஆனால் 2024இல், அதே வைதாங்கி ஒப்பந்தத்துக்கு இனி இதுதான் பொருள் என்று ஒரு மசோதா வந்ததே, அது எந்தக் காலத்து விஷயம்? ஹானா ராஃபிட்டி மைபி கிளார்க் என்ற 22 வயது மாவோரி எம்.பி., நாடாளுமன்றத்திலேயே அந்த மசோதா நகலை இரண்டாகக் கிழித்து, மாவோரிகளின் பாரம்பரிய ஆட்டமான ஹாக்கா ஆடினார். வடக்கு முனையிலிருந்து ஒன்பது நாள் பேரணியாக வந்தவர்கள் தலைநகர் வெலிங்டனில் பல்லாயிரமாகத் திரண்டார்கள். 2025 ஏப்ரலில் மசோதா 112க்கு 11 என்று தோற்றது. எதிரணி கைதட்டலாம். தட்டிவிட்டு இதையும் கேளுங்கள்: ஜூன் மாதம் அதே சபை, அந்த ஹாக்காவுக்காக அவரை 7 நாளும், கூட ஆடிய கட்சித் தலைவர்கள் இருவரை 21 நாளும் வெளியே அனுப்பியது.

முடிந்த கதையாம். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், உட்காருகிறேன்.