கூண்டு நம்பரும் காற்றின் திசையும்

வணக்கம் நேயர்களே. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாச்சு என்றதும் நம் ராமநாதபுரம் கரையில் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனாம் நம்பர்?" என்பதுதான். அஞ்சு என்றால் கொஞ்சம் பயம், ஆறு என்றால் இன்னும் கொஞ்சம். அது அப்படியில்லை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் எந்தப் பக்கமாகப் போகும் என்பதில்தான் வித்தியாசம். புயல் வருகிற பாதையில் துறைமுகம் இடது கைப்பக்கம் இருந்தால் 5, வலது கைப்பக்கம் என்றால் 6, நேராக நம் தலைக்கே வருகிறது என்றால் 7. இதையே கடும் புயலுக்குச் சொன்னால் 8, 9, 10. தகவல் தொடர்பே அற்றுப்போனால் 11.

இடதோ வலதோ, நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நமக்குத்தான் எல்லாமே அதில் இருக்கிறது. புயல் கிழக்கே இருக்கும்வரை நமக்கு அடிப்பது வாடை, அதாவது வடக்குக் காற்று. அது வேதாரண்யம் பக்கமாக, அதாவது நமக்கு வடக்கே கடந்தால், நாம் இடது கைப்பக்கம், கூண்டு 5; வாடை கச்சானாக (மேற்குக் காற்று) திரும்பி, பிறகு சோழகமாகும் (தெற்குக் காற்று). 2018 நவம்பரில் கஜா அந்த வழியாகத்தான் போனது. மன்னார் வளைகுடா வழியாகத் தெற்கே போனால், நாம் வலது கைப்பக்கம், கூண்டு 6; வாடை கொண்டலாக (கிழக்குக் காற்று) திரும்பி, பிறகு சோழகமாகும். 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலையைக் கடந்து வளைகுடாவுக்குள் வந்து, நம் கரையை ஒட்டி நகராமல் நின்று, அங்கேயே வலுவிழந்தது.

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை கரை கிழக்கே பார்த்து இருக்கிறது. கச்சான் அடித்தால் அங்கே கடல் உள்வாங்கும்; கொண்டல் அடித்தால் தண்ணீர் ஊருக்குள் வரும். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். காற்று தள்ளிய தண்ணீர் அடியில் திரும்பிப் போக இடமில்லாமல் கரையில் குவியும். ஆகவே அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் அஞ்சைவிட ஆறுக்குத்தான் அதிகம் தயாராக வேண்டும்.

செல்போன் டவர் போய்விட்டாலும் ஒரு வழி உண்டு. வீடுகளுக்கு நடுவில் வேண்டாம், வெட்டவெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இடது கையை நீட்டி, கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள். புயல் அந்தத் திசையில் இருக்கிறது. மணிக்கு ஒருதரம் பாருங்கள். திசை மாறாமல் வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போனால், அது உங்களை நோக்கித்தான் வருகிறது. மையம் மேலே வந்தால் காற்று சட்டென்று ஓயும். முடிந்தது என்று நினைத்துப் படகைப் பார்க்கக் கடற்கரைக்கு ஓடாதீர்கள். அடுத்த அடி எதிர்த்திசையிலிருந்து வரும்.

படகுக்கு வருவோம். வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், வாடைக்குப் பயந்து தீவின் தென்கரையில் இருக்கிற குந்துகால் பக்கம் கொண்டுபோய்க் கட்டுவது வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் பாம்பன் பாலத்தைத் தாண்டுவதைக் காற்று ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வாடை வலுத்துவிட்டால் அந்தக் கால்வாயில் நீரோட்டம் படகைத் தூணில் சாத்திவிடும். இன்னொன்றும் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு வழியிலும் கடைசியில் வருவது சோழகம். வாடைக்கு மறைவான தென்கரை, சோழகத்துக்கு முகப்பு! ஆகவே ஒரு நங்கூரம் போதாது. வாடைக்கு ஒன்று, சோழகத்துக்கு ஒன்று.

கயிறு, ஆழத்தில் குறைந்தது ஏழு மடங்கு வேண்டும். இரண்டு பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) தண்ணீர் என்றால் பதினான்கு பாகம். குட்டையாக விட்டால் தண்ணீர் ஏறும்போது நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டு மண்ணைவிட்டுப் பிடுங்கிக்கொள்ளும். கயிறு பெரும்பாலும் நடுவில் அறாது, அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், உரசுகிற இடத்தில்தான் அறும். அங்கே பழைய டியூபையோ நனைத்த சாக்கையோ நாலு சுற்றுச் சுற்றி, நழுவாமல் கட்டிவிடுங்கள். பத்துப் படகைச் சேர்த்துப் பிணைத்துக் கட்டுகிறார்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். ஒன்றின் நங்கூரம் நழுவினால் பத்தும் கரையேறும். பைபர் படகென்றால் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கடல் உள்வாங்கியதும் சங்கு, சிப்பி பொறுக்கக் கிளம்புகிறவர்களுக்கும் சொல்கிறேன். காற்று திரும்பினால் அந்தத் தண்ணீர் திரும்ப வரும்.

மழையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். புயலே இல்லாமலும் வெள்ளம் வரும். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேசுவரத்தில் கொட்டிய மழை 40 சென்டிமீட்டருக்கும் மேல். கிணற்றில் கடல்நீர் புகுந்துவிட்டால் மோட்டார் போட்டு ஒரேயடியாக வற்ற இறைக்காதீர்கள், நம் மணலுக்கு அடியில் இருக்கிற உப்புநீர் மேலே ஏறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டு இறையுங்கள். குடிக்கிற தண்ணீரை முதல் நாளே குடத்தில் பிடித்து மூடி வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. வணக்கம்.